முள் நடுவில் நின்றும் முகம் ஏன் கருத்தது? ஃபிலிமில் எதிர்வெளிச்சத்தை அளப்பது பற்றி

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். வீட்டு பீரோவில் கிடந்த பென்டாக்ஸ் கே1000 கேமரா, புதிதாக வாங்கிய கோடாக் கோல்டு 200 ரோல், மெரினாவில் காலை ஏழு மணி. கடலுக்கு முதுகைக் காட்டி நின்ற அப்பாவை எடுத்திருக்கிறீர்கள். கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் முள் சரியாக நடுவில் நின்றது. ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/500 நொடி, அப்பர்ச்சர் எனும் லென்ஸ் துவாரத்தின் அளவு எஃப் 8. ரோலைக் கழுவிப் பார்த்தால் வானமும் கடலும் அமர்க்களமாக இருக்கின்றன, அப்பா மட்டும் கரிக்கட்டை. மீட்டர் போய்விட்டதா, பழுது பார்க்கக் கொடுக்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

கொடுக்க வேண்டாம். அந்த மீட்டர் ஒழுங்காக வேலை செய்ததால்தான் முகம் கருத்தது. பழுதான மீட்டராக இருந்திருந்தால் தற்செயலாக முகம் நன்றாக வந்திருக்கவும் கூடும்.

கே1000 மீட்டருக்கு உங்கள் அப்பாவைத் தெரியாது. லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் முழுவதையும், வானம், கடல், மணல், முகம் எல்லாவற்றையும், ஒரே பாத்திரத்தில் ஊற்றிக் கலக்கிவிட்டு, இந்தக் கலவை கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவான நடுத்தரச் சாம்பலாகப் பதிய எவ்வளவு எக்ஸ்போஷர், அதாவது ஃபிலிமில் எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று சொல்லும். அதன் அறிவு அவ்வளவுதான். வெயில் முகத்தில் விழும்போது இந்தக் கலவையும் முகமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும், நமக்குப் பிரச்சினை தெரியாது. மெரினாவோ கிழக்கு பார்த்த கடற்கரை. காலையில் கடலைப் பின்னணியாக வைத்தால் சூரியன் எப்போதும் ஆளின் முதுகுப் பக்கம்தான். முகத்துக்குக் கிடைப்பது மணலில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும், மேற்குப் பக்க வானத்தின் மங்கலான வெளிச்சமும் மட்டுமே.

ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முகத்தின் பிரகாசத்தை 1 என்று வையுங்கள். பின்னால் இருக்கும் வானமும் மின்னும் கடலும் அதைவிட நான்கு ஸ்டாப் அதிகம். ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு, நான்கு ஸ்டாப் என்றால் 16 மடங்கு. ஃபிரேமில் முக்கால் பங்கு வானமும் கடலும், கால் பங்கு அப்பா. சராசரி: 12-ம் காலும் சேர்ந்து 12.25. மீட்டர் இந்தப் பன்னிரண்டைத்தான் நடுத்தரமாக எடுத்துக்கொள்கிறது. முகம் அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு. சுமார் மூன்றரை ஸ்டாப் அண்டர், அதாவது அவ்வளவு வெளிச்சம் குறைவு.

சரி, நடுப்பகுதிக்கு அதிக மதிப்புக் கொடுக்கும் மீட்டர் இருந்தால் தப்பித்திருக்கலாமே என்று தோன்றும். நிக்கான் எஃப்எம்2 கேமராவில் நடு வட்டத்துக்கு 60 பங்கு, மற்ற இடத்துக்கு 40 பங்கு. அந்த வட்டத்தை முழுவதும் முகத்தால் நிரப்பிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். 0.6 + 6.4 = 7. அப்போதும் முகம் ஏழில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட மூன்று ஸ்டாப் அண்டர். சராசரி எடுக்கும்போது பிரகாசமானது எப்போதும் பெரும்பான்மையாகிவிடும். தெருவில் பத்துப் பேர் நடுத்தரக் குடும்பம், ஒருவர் கோடீஸ்வரர். தெருவின் சராசரி வருமானம் என்ன என்று கேட்டால் எல்லோரும் பணக்காரர் ஆகிவிடுவார்கள் அல்லவா, அதே கதை.

கேமரா செய்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 1966-இல் வந்த மினோல்டா எஸ்ஆர்-டி 101 கேமராவில், வானம் மீட்டரை ஏமாற்றாமலிருக்க ஃபிரேமின் மேல் பாதிக்கும் கீழ்ப் பாதிக்கும் தனித்தனி செல் வைத்துப் பார்த்தார்கள். 1976-இல் வந்த கேனன் ஏஇ-1 கேமராவில் எதிர்வெளிச்சத்துக்கென்றே ஒரு பித்தான். அழுத்தினால் ஒன்றரை ஸ்டாப் கூடும். 1983-இல் நிக்கான் எஃப்ஏ, காட்சியை ஐந்து பகுதியாகப் பிரித்து அளந்தது. அதே ஆண்டு ஒலிம்பஸ் ஓஎம்-4, எட்டுப் புள்ளிகள் வரை தனித்தனியாக அளந்து சராசரி எடுக்கும் வசதியைக் கொடுத்தது. உங்கள் கே1000 இந்தப் பந்தயத்தில் கலந்துகொள்ளவே இல்லை. முள், பள்ளம், அவ்வளவுதான். ஆனால் எதிர்வெளிச்சத்துக்கு அது மோசமான கேமரா என்று நான் சொல்ல மாட்டேன். அது தானாக எதையும் செய்யாது என்பதே பெரிய வசதி. ஒரு தடவை அளந்து ஷட்டரையும் அப்பர்ச்சரையும் வைத்துவிட்டால், முள் எந்தக் கூத்து ஆடினாலும் எக்ஸ்போஷர் அப்படியே இருக்கும்.

அடுத்த ரோலை வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். நெகட்டிவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். அப்பாவின் முகம் இருக்கும் இடம் வெறும் ஆரஞ்சுக் கண்ணாடி போல, எந்த விவரமும் இல்லாமல் தெளிவாக இருந்தால் அது உண்மையான அண்டர். அங்கே கண், மீசை, கன்னத்தின் வளைவு எல்லாம் மெலிதாகவாவது பதிந்திருந்தால் குற்றவாளி வேறு: லேப் ஸ்கேனர். அந்த இயந்திரமும் படத்தின் மொத்தப் பிரகாசத்தைப் பார்த்துத்தான் ஒரு முடிவுக்கு வருகிறது, உங்கள் மீட்டர் செய்த அதே தப்பை அது இரண்டாவது முறை செய்யும். நீங்கள் சரியாக எடுத்த எதிர்வெளிச்சப் படம்கூட ஸ்கேனில் முகம் இருண்டு வருவதுண்டு. அப்போது லேபில் சொல்லி, முகத்துக்கு ஏற்றபடி மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொன்னால் போதும். ஓரத்தில் அச்சாகியிருக்கும் எண்களையும் எழுத்துகளையும் ஒரு பார்வை பாருங்கள். அவை நன்றாக அடர்த்தியாக இருந்தால் கழுவியதில் கோளாறு இல்லை. 1/500, எஃப் 8 என்று நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது உண்மையான அண்டர்தான் என்று நினைக்கிறேன்.

இனி, எப்படி அளப்பது.

எதிர்வெளிச்சத்தில் ஒரே காட்சிக்குள் இரண்டு வெளிச்சங்கள் இருக்கின்றன. முதுகில் விழுவது ஒன்று, கேமராவைப் பார்க்கும் பக்கத்தில் விழுவது ஒன்று. உங்களுக்கு வேண்டியது எது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அதை மட்டும் தனியாக அளக்கப் பல வழி இருக்கிறது. கே1000 வைத்திருப்பவருக்கு மிகச் சுலபமானது நடந்து போவது. அப்பாவின் பக்கத்தில் போய், முகம் மட்டும் ஃபிரேமை நிறைக்கும்படி கேமராவைப் பிடியுங்கள். ஃபோகஸ் ஆக வேண்டும் என்ற அவசியமே இல்லை, மீட்டருக்கு மங்கலான முகமும் முகம்தான். முள் நடுவில் வரும்வரை ஷட்டரையும் அப்பர்ச்சரையும் மாற்றுங்கள். அப்புறம் பழைய இடத்துக்குத் திரும்பி வந்து, முள்ளைக் கண்டுகொள்ளாமல் எடுங்கள். முள் மேலே போய் ஒட்டிக்கொள்ளும், பதறாதீர்கள். கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: ரொம்ப நெருங்கிப் போனால் உங்கள் உடம்பே அந்த முகத்துக்கு வரும் வெளிச்சத்தை மறைக்கும். கொஞ்சம் பக்கவாட்டில் நின்று அளப்பது நல்லது.

முன்பின் தெரியாத ஒருவரின் மூக்குக்கு எதிரே கேமராவை நீட்ட முடியாது. நொச்சிக்குப்பத்தில் வலை உதறிக்கொண்டிருப்பவரிடம் அப்படிப் போனால் அவர் வேலையும் கெடும், படமும் கெடும். அதற்குத்தான் உள்ளங்கை. உங்கள் கையை நீட்டி, அவர் முகம் எந்தத் திசையைப் பார்க்கிறதோ அதே திசையைப் பார்க்கும்படி உள்ளங்கையைத் திருப்பிக்கொள்ளுங்கள். சூரியன் புறங்கையில் படும், உள்ளங்கை நிழலில் இருக்கும். அந்த உள்ளங்கையை அளந்து, ஒரு ஸ்டாப் திறந்துவிடுங்கள், அதாவது மீட்டர் சொன்னதைப்போல இரண்டு மடங்கு வெளிச்சம் கொடுங்கள். ஏன் ஒரு ஸ்டாப் என்றால், உள்ளங்கை நடுத்தரச் சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வெளுப்பு. கருப்பானவர், சிவப்பானவர் என்று முகத்தில் தெரியும் வித்தியாசம் உள்ளங்கையில் அவ்வளவு தெரியாது, அதனால் எல்லோருக்கும் இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். அளப்பதற்கென்றே நடுத்தரச் சாம்பல் நிறத்தில் வரும் சாம்பல் அட்டை ஒன்று கிடைத்தால் ஒரு நாள் வீட்டில் இரண்டையும் பக்கத்தில் வைத்து அளந்து, உங்கள் கைக்கு எவ்வளவு என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். வாழ்நாள் முழுக்கக் கூடவே வரும் அட்டை உங்கள் உள்ளங்கைதான்.

நண்பர்கள் சொல்லும் ஒரு யோசனை உண்டு: திரும்பி நின்று உங்களுக்குப் பின்னால் இருப்பதை அளந்துகொண்டு எடுங்கள் என்பார்கள். கேட்காதீர்கள். பின்னால் இருக்கும் கட்டடமும் மரமும் நேர்வெயிலில் இருக்கின்றன. அப்பாவின் முகம் நிழலில் இருக்கிறது. அந்த அளவை வைத்து எடுத்தால் மறுபடி கருப்புதான், கொஞ்சம் குறைந்த கருப்பு.

மீட்டரே இல்லாமலும் முடியும். பழைய கோடாக் ஃபிலிம்களோடு வந்த வெளிச்ச அட்டவணையில், நல்ல வெயிலுக்குச் சொன்ன அளவின் கீழேயே, எதிர்வெளிச்சத்தில் இருக்கும் ஆளைப் பக்கத்திலிருந்து எடுத்தால் இரண்டு ஸ்டாப் திறக்கச் சொல்லியிருப்பார்கள். 200 ஃபிலிமுக்கு நல்ல வெயிலில் 1/250, எஃப் 16 என்றால், எதிர்வெளிச்ச முகத்துக்கு 1/250, எஃப் 8. மணல், வெள்ளைச் சுவர் போல வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ஏதாவது முன்னால் இருந்தால் இந்த இரண்டு ஸ்டாப் போதும். தார்ச்சாலை, அடர்ந்த மரம், குறுகிய சந்து என்றால் மூன்று. ஒரு எச்சரிக்கை: அட்டவணை உயர்ந்த சூரியனுக்கானது. விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் அதை நம்பி எடுத்தால் ஏமாறுவீர்கள், அப்போது அளந்தே ஆக வேண்டும்.

கையில் பிடிக்கும் தனி மீட்டர் இருந்தால் விஷயம் இன்னும் நேரடி. செகோனிக் எல்-398 போன்றவற்றில் பாதிப் பந்து மாதிரி ஒரு வெள்ளைக் குமிழ் இருக்கும், பேட்டரிகூட வேண்டாம். பொருளிலிருந்து திரும்பி வருகிற வெளிச்சத்தை விட்டுவிட்டு, பொருள்மேல் விழுகிற வெளிச்சத்தை அளக்கிறது என்பதால், வெள்ளைச் சட்டை, கருப்புக் கோட்டு எதுவும் அதை ஏமாற்றாது. முகத்தருகே வைத்து, குமிழைக் கேமரா பக்கம் திருப்பி அளக்க வேண்டும். சூரியன் பக்கம் திருப்பினால் முதுகுக்கு எக்ஸ்போஷர் கிடைக்கும். ஸ்லைடு, அதாவது நெகட்டிவாக இல்லாமல் நேரடியாகப் படமாகவே வரும் ஃபிலிமில் எடுப்பவர்கள் இரண்டு பக்கமும் அளந்து நடுவில் வைப்பார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது, கீழே வருகிறேன். செல்போன் மீட்டர் செயலியும் தாராளமாகப் போதும், ஆனால் அதைப் புள்ளி அளவில் வைத்து முகத்தைத் தொட்டு அளக்க வேண்டும். சராசரியில் விட்டால் செல்போனும் கே1000-தான்.

இப்போது உங்கள் படத்துக்கே திரும்புவோம். மேலே போட்ட கணக்குப்படி முகத்தை மட்டும் அளந்திருந்தால் 1/60, எஃப் 5.6-க்கும் 8-க்கும் நடுவில் என்று வந்திருக்கும். நான் அப்படியே வைக்க மாட்டேன். 1/125, எஃப் 5.6 வைப்பேன், அதாவது முகம் நடுத்தரத்தைவிட அரை ஸ்டாப் சொச்சம் கீழே. இரண்டு காரணம். ஒன்று, நிழலில் நிற்பவர் நிழலில் நிற்பது போலத் தெரிய வேண்டும். முகத்தை முழுதாகத் தூக்கிவிட்டால் பின்னால் சூரியன் இருந்த உணர்வே போய்விடும். இரண்டாவது, தோல் நிறம். முகத்தை அளந்து முள்ளை நடுவில் வைப்பது என்றால் அந்த முகத்தை நடுத்தரச் சாம்பலாக்குவது என்று பொருள். வெளுத்த தோல் நடுத்தரத்தைவிட ஒரு ஸ்டாப் மேலே இருப்பது என்பதால், அதை அளந்தால் ஒரு ஸ்டாப் திறக்கச் சொல்லி வெள்ளைக்காரர்கள் ஊர்ப் புத்தகங்களில் எழுதியிருப்பார்கள். நம்மில் பலருடைய முகம் நடுத்தரத்திலேயே, அல்லது அதற்குக் கொஞ்சம் கீழே இருக்கும். அந்தப் புத்தக விதியை அப்படியே பிடித்துக்கொண்டால் மாநிறமான அப்பா வெளுத்துப்போய் வேறு யாரோ ஆகிவிடுவார். லேப்களில் நிறத்தைச் சரிபார்க்க வைத்திருந்த கோடாக்கின் ஷெர்லி அட்டைகளில் பல காலம் இருந்ததே வெள்ளைக்காரப் பெண்ணின் படம்தான். நம் ஊர் ஸ்டுடியோக்களும் சளைக்கவில்லை. கேட்காமலேயே முகத்தை வெளுக்கவைத்துக் கொடுத்தார்கள். கருப்பான முகம் கருப்பாகவே, ஆனால் கண்ணும் கன்னமும் தெரிய வருவதுதான் சரியான எக்ஸ்போஷர்.

இந்த 1/125, எஃப் 5.6 உங்கள் எக்ஸ்போஷரைவிட மூன்று ஸ்டாப் அதிகம். வானம் வெந்துபோகாதா? கலர் நெகட்டிவில் அவ்வளவு சுலபமாகப் போகாது. வானம் நடுத்தரத்தைவிட மூன்றரை ஸ்டாப் மேலே போகும். நிறம் வெளுக்கும், சூரியனைச் சுற்றி வெள்ளையாகும், ஆனால் டிஜிட்டலில் நடப்பது போலச் சட்டென்று வெட்டிவிட்ட மாதிரி இருக்காது. நெகட்டிவ் ஃபிலிம் அதிக வெளிச்சத்தை மெல்ல மெல்ல விழுங்கும். தலைமுடியின் விளிம்பில் ஒளி வழிவது ஃபிலிமில் அழகாக இருப்பதற்கு இந்தக் குணம்தான் காரணம். மறுபக்கம், அண்டரை அது மன்னிக்காது. இரண்டு ஸ்டாப் அண்டர் போனாலே நிழல்கள் சேறாகி, பச்சையோ பழுப்போ ஏறி, மணல் தூவியது போலக் கிரெய்ன் தெரியும். அதனால் கலர் நெகட்டிவில் சந்தேகம் வந்தால் திறந்துவிடுங்கள். அரை ஸ்டாப்பா ஒரு ஸ்டாப்பா என்று தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும் நேரத்தில் அப்பா சிரிப்பை நிறுத்தியிருப்பார்.

ஸ்லைடு நேர் எதிர். ஃப்யூஜியின் வெல்வியா 50, ப்ரோவியா 100எஃப், கோடாக்கின் எக்டாக்ரோம் எல்லாமே அரை ஸ்டாப் ஓவரைக்கூடப் பொறுக்காத ஜாதி. வெளிச்சமான இடம் ஒரு தடவை வெளுத்துவிட்டால் அங்கே வெறும் தெளிவான பிளாஸ்டிக்தான். முகத்துக்கும் வானத்துக்கும் நான்கு ஸ்டாப் இடைவெளி இருக்கும் காட்சியில் இரண்டையும் ஸ்லைடு தாங்காது. நான் இரண்டு பக்கமும் அளந்து நடுவில் வைப்பதைப் பற்றிச் சொன்னேனே, அது இந்த இழுபறிக்கான சமரசம். முகம் கொஞ்சம் இருளும், வானம் கொஞ்சம் வெளுக்கும், இரண்டும் பிழைக்கும்.

இந்தப் பாடத்தை நான் காசு கொடுத்துக் கற்றேன். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலைக் காலையில் வாசல் பக்கமிருந்து, அதாவது மேற்கிலிருந்து பார்த்தால் முழு எதிர்வெளிச்சம். என்னிடம் அப்போது யாஷிகா எலெக்ட்ரோ 35 இருந்தது. தானியங்கி, எக்ஸ்போஷரைக் கூட்டிக் குறைக்கத் தனி வசதி கிடையாது. ஒரே வழி, ஃபிலிம் வேக டயலைப் பொய்யாகத் திருப்புவது. 100 ஸ்லைடு போட்டிருந்தேன். கோயிலுக்கு முன்னால் நின்ற நண்பனுக்காக டயலை 25-இல் வைத்து இரண்டு ஸ்டாப் கூட்டினேன். அந்த ஒரு படம் நன்றாகவே வந்தது. டயலைத் திருப்பி வைக்க மறந்து மத்தியானம்வரை எடுத்த மீதி இருபது படமும் பழைய காலண்டர் மாதிரி வெளுத்துப்போய் வந்தன. நெகட்டிவாக இருந்திருந்தால் யாருக்கும் தெரியாமலே தப்பித்திருப்பேன். இன்றைக்கும் டயலைத் தொட்டால் கேமரா வாரில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்கிறேன்.

கருப்பு வெள்ளையில் மூன்றாவது ஒரு சுகம் இருக்கிறது: கழுவும்போதும் கொஞ்சம் சரிசெய்யலாம். அன்செல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டி வகுத்த மண்டல முறையின் சாரம், நிழலுக்கு எக்ஸ்போஷர் கொடு, வெளிச்சத்துக்குக் கழுவு என்பது. இல்ஃபோர்டு எச்பி5 ரோல் முழுக்க இப்படி எதிர்வெளிச்சப் படங்கள்தான் என்றால், 400 ஃபிலிமை 200 என்று வைத்து எடுத்து, டெவலப்பரில் வழக்கமான நேரத்தைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைத்துக் கழுவுங்கள். நிழலில் விவரம் தங்கும், வானம் அடைத்துக்கொள்ளாது. ஒரே ரோலில் எல்லா வகைப் படமும் கலந்திருந்தால் இதைச் செய்யாதீர்கள். மற்றவை சவசவ என்று ஆகிவிடும்.

எக்ஸ்போஷர் எல்லாம் சரியாக இருந்தும் படம் பால் ஊற்றியது போல வந்தால் லென்ஸைப் பாருங்கள். சூரியன் எதிரே இருக்கும்போது லென்ஸுக்குள் சிதறும் வெளிச்சம் நிழல்கள்மேல் ஒரு வெள்ளைத் திரையைப் போர்த்தும். கே1000-உடன் பெரும்பாலும் வரும் 50 எம்எம் எஃப் 2 லென்ஸ் நல்ல பூச்சுள்ளது, அதன்மேல் குறை சொல்ல முடியாது. ஆனால் சென்னை போன்ற கடலோர ஊரில் பல வருஷம் பீரோவில் கிடந்த லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்திருக்க வாய்ப்பு நிறைய. பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழைகளோ மூடுபனியோ தெரிந்தால், அது நேர்வெயிலில் தெரியாமல் எதிர்வெளிச்சத்தில் மட்டும் படத்தைக் கெடுக்கும். மலிவான யூவி ஃபில்டர் மாட்டியிருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். பேய் மாதிரி இரண்டாவது சூரியன் படத்தில் வருவது பெரும்பாலும் அதனால்தான். ஹூட் இல்லையா? இடது கையால் லென்ஸுக்கு மேலே நிழல் கொடுங்கள், கை ஃபிரேமுக்குள் வராமல். இன்னும் சுலபம், சூரியனை அப்பாவின் தலைக்குப் பின்னாலேயே மறைத்துவிடுவது.

கே1000-இல் இருப்பது பழைய காட்மியம் சல்பைடு செல். அதற்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: கடும் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டால் கொஞ்ச நேரம் கண் கூசி நிற்கும். சூரியன் பக்கம் காட்டிவிட்டு உடனே நிழல் முகத்தை அளந்தால் முள் தப்பாகக் காட்டலாம். அரை நிமிஷம் பொறுத்து மறுபடி பாருங்கள். சூரியனை வ்யூஃபைண்டர் வழியாக உற்றுப் பார்க்க வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பெரிய டெலி லென்ஸ் போட்டிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். துணி ஷட்டர் உள்ள ரேஞ்ச்ஃபைண்டர், அதாவது லென்ஸுக்குப் பின்னால் கண்ணாடி இல்லாத கேமரா வைத்திருப்பவர்கள் மூடியைத் திறந்தபடி வெயிலில் மாட்டிக்கொண்டு நடந்தால் ஷட்டரில் ஓட்டையே விழும். கே1000 போன்ற எஸ்எல்ஆரில் கண்ணாடி நடுவில் நின்று காப்பாற்றுகிறது.

முகமும் வேண்டும், அந்தச் செக்கச்சிவந்த வானமும் குறையாமல் வேண்டும் என்றால் எந்த மீட்டரும் உதவாது. முகத்துக்கு வெளிச்சம் கொண்டுவர வேண்டும். சினிமா ஷூட்டிங் பார்த்திருந்தால் தெரியும், நடிகருக்குப் பக்கத்தில் ஒருவர் தெர்மாகோல் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஐந்நூறு பக்கத் தத்துவத்தை அந்த ஒரு பலகை தீர்த்துவைக்கும். பலகை இல்லாவிட்டால் வெள்ளை வேட்டி கட்டிய மாமா ஒருவரை உங்கள் பக்கத்தில் வெயில் படும்படி நிறுத்துங்கள், சிரிக்காமல் நின்றால் முக்கால் ஸ்டாப்பாவது கொடுப்பார். ஃபிளாஷ் என்றால் கே1000-இல் 1/60-க்கு மேல் போக முடியாது என்பதுதான் சிக்கல். உங்கள் காட்சியில் 1/60, எஃப் 16 வைத்தால் பின்னணி நீங்கள் எடுத்ததைவிட ஒரு ஸ்டாப் மட்டுமே கூடும். ஃபிளாஷின் பலத்தைச் சொல்லும் கைடு நம்பர், 100 ஃபிலிமில் மீட்டர் தூரக் கணக்கில் 20 உள்ள சின்ன ஃபிளாஷுக்கு, 200 ஃபிலிமில் 28 ஆகிறது. எட்டடி, அதாவது சுமார் இரண்டரை மீட்டர் தூரத்தில் அதற்கு எஃப் 11 தேவை. நீங்கள் எஃப் 16-இல் இருப்பதால் ஃபிளாஷ் தானாகவே ஒரு ஸ்டாப் குறைவாக விழும். முகம் நிரம்பும், ஃபிளாஷ் அடித்தது தெரியாது. பத்து மணிக்கு மேல் இதே வித்தை நடக்காது. 1/60-க்கு எஃப் 32 கேட்கும், உங்கள் லென்ஸில் அது இல்லை. கல்யாணப் படம் எடுத்தவர்கள் 1/250 வரை ஒத்துழைத்த பிந்தைய எஃப்எம்2-வையும், 1/500 வரை எல்லா வேகத்திலும் ஃபிளாஷ் அடிக்க முடிந்த யாஷிகா மேட்டையும் விடாமல் வைத்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அல்லது முகமே வேண்டாம் என்று முடிவு செய்யலாம். நீங்கள் எடுத்த 1/500, எஃப் 8 ஒரு நிழலுருவப் படத்துக்கு நல்ல எக்ஸ்போஷர். படகைத் தள்ளுகிறவர்கள், கரையில் ஓடும் குழந்தைகள் என்றால் நான் அதைத்தான் வைப்பேன். சூரியனை ஃபிரேமுக்கு வெளியே தள்ளி, பக்கத்து வானத்தை அளந்து, அப்படியே எடுக்க வேண்டியதுதான். ஆனால் நிழலுருவத்துக்கு வடிவம் வேண்டும். பக்கவாட்டு முகம், உடம்போடு ஒட்டாத கை, கால்களுக்கு நடுவே தெரியும் வானம். நேராக நின்று கேமராவைப் பார்ப்பவர் அதில் ஒரு தூண் ஆகிவிடுவார். அப்பா தூண் ஆனது அதனால்தான்.

அடுத்த ரோலில் அதே இடத்தில், அதே நேரத்தில் நான்கு படம் மட்டும் செலவழியுங்கள். முள் சொன்னபடி ஒன்று, உள்ளங்கையை அளந்து ஒரு ஸ்டாப் திறந்து ஒன்று, அதைவிட ஒரு ஸ்டாப் கூட்டி ஒன்று, குறைத்து ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஷட்டர், அப்பர்ச்சர் இரண்டையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவையுங்கள், ஞாபகம் இருக்கும் என்று நம்பாதீர்கள். எடுத்து முடித்ததும் லென்ஸ் மூடியைப் போடுங்கள். கே1000 மீட்டருக்கு அணைக்கும் பித்தான் கிடையாது, மூடி திறந்திருந்தால் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். கழுவி வந்த பிறகும் சந்தேகம் இருந்தால் ஸ்கேனை அனுப்பாதீர்கள். வெள்ளைத் திரை வைத்த செல்போன்மேல் நெகட்டிவைப் பிடித்து, வேறொரு செல்போனில் படமெடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.